நாலு சக்கரத்துக்கும் பொட்டு

12-11-1979, திங்கள்

காலை ட்யூட்டி. ரமணாசிரமத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருத்தர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு லைனிலேயே அழுதார். எதுக்கு அழுதார்னு எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது. நாள் முழுக்க ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு சொல் வெளியே விடாமல் வீட்டுக்கு வரவேண்டிய வேலை, இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலை. அதனால்தான் இந்த நோட்டு. இதிலாவது வாயைத் திறக்கலாமே.

மூணு மணிக்கு என் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் நிறுத்தும்போது பெடலை மூணு தடவை மிதித்தார். மூணாவது மிதிக்குத்தான் ஜீப் நின்றது, அதுவும் துளசி மாடத்துக்கு ஒரு சாண் முன்னால்.

"ஏங்க, ஒரு மிதியில நிக்காதா அது?"

"வயசாயிடுச்சுல்ல, மூச்சு வாங்கி நிக்குது."

சிரிப்பு வேறே. வீட்டில் நாங்கள் ரெண்டு பேர், ஜீப்பு ஒண்ணு. வேலூரில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, ஸ்டியரிங் இடது பக்கம். போளூர் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றுகிறார். பஸ் போகாத தடமெல்லாம் அது போகும். போகும், சரி. நிக்கணுமே.

18-11-1979, ஞாயிறு

அடி அண்ணாமலையில் இவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். திரும்பும்போது குறுக்கே ஒரு மாட்டு வண்டி. இவர் மிதிக்கிறார், மிதிக்கிறார், எதுவும் நடக்கவில்லை. கடைசியில் வைக்கோல் போரில் மோதி நின்றோம். என் தலை, புடவை எல்லாம் வைக்கோல். வண்டிக்காரன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நேரே வேடியப்பனிடம் கூட்டிப் போங்க என்றேன். பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஷெட்டு போட்டிருக்கிற மெக்கானிக். இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். வாய் கம்மி, வேலை சுத்தம். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு இவர் முகத்தையே பார்த்தான்.

"அண்ணே, டிரம்மைப் பிடிக்கிற லைனிங்கே இல்லியே. ரிவெட்டுதான் டிரம்ம உரசுது. இன்னா தைரியத்துல மலை ஏர்றீங்க?"

"ஏர்றதுக்கு எதுக்குடா பிரேக்கு?"

"இறங்கணும்ல?"

அதுக்கு இவரிடம் பதில் இருக்கிறது. பின்னால் கயிறு கட்டி ஒரு வேங்கைக் கட்டை தொங்குகிறது. சரிவில் வண்டி நிற்காமல் உருளும்போது யாராவது குதித்து அந்தக் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போடணும். எப்பவும் குதிப்பது இருசப்பன். மலையில் சாமையும் தேனும் சேர்த்துக் கீழே கொண்டுவந்து விற்கிற ஆள். இவருக்குப் பத்து வருஷப் பழக்கம். "இருசப்பன் பூனை மாதிரி குதிப்பான், ஒரு தடவையும் தப்பினதில்ல" என்று பெருமையாகச் சொல்கிறார்.

2-12-1979, ஞாயிறு

தீபம். ஊர் கொள்ளாத கூட்டம். இன்றைக்கும் எனக்கு ட்யூட்டி. ஆறு மணிக்கு எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். லைன் போடுகிற போர்டில் நானும் சூப்பர்வைசர் சரோஜாவும்தான். வெளியே "அரோகரா" சத்தம் கேட்டதும் ஹெட்செட்டைக் காதில் வைத்தபடியே கும்பிட்டேன்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் அக்காவின் மகன் தீபக் கொப்பரைக்கு நெய் டின் தூக்கிக்கொண்டு அண்ணாமலை உச்சிக்கு ஏறியிருக்கிறான். அவனிடம் ஒரு படி நெய் கொடுத்தனுப்பினேன். இவர் ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறங்கி வரணும். வேறு ஒண்ணும் கேட்கவில்லை.

இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. "அப்போ இனிமே நெய்தான் பிரேக்கா?" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் ட்யூட்டிக்குக் கிளம்பும்போது பால்காரன்கூடக் கேட்டான். ஒரு வாரத்துக்கு இவரோடு பேசமாட்டேன்.

4-12-1979

பேசிவிட்டேன். ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்றார், சும்மா இருக்க முடியுமா.

20-12-1979, வியாழன்

தேர்தல் வருகிறது. ஊரில் ஜீப்புக்கெல்லாம் கிராக்கி. காலையில் ஒரு கட்சிக்காரர், சாயந்திரம் அடுத்தவர். கூட்டமாக ஏறிக்கொண்டு, மைக் கட்டிக்கொண்டு... பிரேக் மாற்றணும் என்றால் ரெண்டு நாள் வண்டி நிற்கணுமாம். "தேர்தல் முடியட்டும், கஸ்தூரி." முடியட்டும் என்று சொல்கிற வாய் என்றைக்காவது ஆரம்பிப்போம் என்று சொல்லியிருக்கா?

27-12-1979

இன்று இருசப்பன் குதித்தபோது முட்டியில் தோல் உரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். மஞ்சள் வைத்துக் கட்டினேன். "ஒண்ணுமில்லம்மா, கட்டை கொஞ்சம் வழுக்கிடுச்சு" என்கிறார். போகும்போது, இவர் காதில் விழாமல், "சாமியை சீக்கிரம் பிரேக்கு மாத்தச் சொல்லும்மா" என்றார். மலைக்காரர்கள் இவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இவர் சாமியாம். அந்தச் சாமியிடம் இன்றைக்குச் சண்டை போட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

3-1-1980, வியாழன்

நேற்று ஆருத்ரா தரிசனம் முடிந்து கோயிலில் தீப மை கொடுத்தார்கள். கொப்பரையில் பதினோரு நாள் எரிந்த நெய்க்கரி. வெள்ளையம்மாள் அக்கா எனக்குத் தனியாக ஒரு தொன்னை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா மகன் மலையில் வேலை செய்ததால் ஜாஸ்தி கிடைத்ததாம். நெய் ஊறிப் பிசுபிசுவென்று இருக்கிறது. "நீ குடுத்த நெய்யும் இதுல இருக்குதுடி" என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இவர் நெற்றியில் வைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "வழியில எவனாவது பார்த்தா சுவத்துல முட்டிக்கினியான்னு கேப்பான்."

சரி, வேண்டாம். வேறு வழி இருக்கிறது.

7-1-1980

தேர்தல் முடிந்தது. புதன்கிழமை வேடியப்பன் நம் வீட்டுக்கே வந்து வேலை செய்கிறேன் என்றிருக்கிறான். இதை எழுதும்போதே மனசு லேசாகிறது. பொங்கலுக்கு முன்னால் ஒரு டிரிப்பு மலைக்குப் போகணுமாம், புது பிரேக்கோடு.

9-1-1980, புதன்

லீவு போட்டேன். வேடியப்பன் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். நாஷ்டா சாப்பிடச் சொன்னால் வேலை முடியட்டும் என்கிறான். ஜீப்பைக் கல் மேல் ஏற்றி நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டான். வாசல் முழுக்க இரும்பு. சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதுசு, லைனிங் புதுசு, சக்கரத்துக்கு ரெண்டு, மொத்தம் எட்டு.

பழைய லைனிங்கைக் காட்டினான். பத்து வருஷம் போட்ட செருப்பின் குதிகால் அளவுகூட இல்லை. இதை நம்பியா இந்த மனுஷன் வளைவில் இறங்கினார்?

வேடியப்பன் நிமிஷத்துக்கு ஒரு தடவை கை கழுவுகிறான். சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியில் துடைத்து, மறுபடி கழுவி... குளிக்கிற சோப்பு பாதியாகிவிட்டது. "இன்னா வேடியப்பா, பொண்ணு பார்க்கவா போறே?" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தான். எட்டு லைனிங்கையும் சுத்தமான செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தான். காக்கை எச்சம் படக்கூடாதென்று மேலே இன்னொரு தாள்.

ஒரு மணிக்கு ரெண்டு பேரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் குழம்பு ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். புதுசாக வீட்டுக்கு எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவோமா? தையல் மிஷினுக்கு வைத்தேன், ரேடியோவுக்கு வைத்தேன். உயிரைக் காக்கிற சாமானுக்கு வைக்காமல் இருப்பேனா? தொன்னையை எடுத்துவந்தேன். எட்டுக்கும் ஒவ்வொரு பொட்டு. ஒரு பொட்டு போதுமா என்று தோன்றியது. விரலால் நீளத்துக்கும் இழுத்துவிட்டேன். கறுப்பில் கறுப்பு, தெரியவில்லை. அண்ணாமலையாரே, இனி இது உன் பிரேக்கு.

இவரிடம் சொல்லமாட்டேன். வேடியப்பனிடமும் சொல்லமாட்டேன். சொன்னால் பால்காரன் வரைக்கும் போகும்.

நாலு மணிக்கு எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, செங்கம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். "பெடலு கல்லு மாதிரி இருக்குதுடா. ஆனா லேசா வழுக்குது" என்றார் இவர். "புது லைனிங் அண்ணே, ரெண்டு நாள் ஓடி செட்டாகணும். அதுவரைக்கும் மெதுவா" என்றான் வேடியப்பன்.

இவர் வேங்கைக் கட்டையை அவிழ்த்து வாசலில் போட்டார். "இனிமே இது வெந்நீர் அடுப்புக்கு." நான் அதைச் சுவரோரம் எடுத்து வைத்தேன். எரிக்க மனசு வரவில்லை.

ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

10-1-1980, வியாழன்

எப்படி எழுதுவது.

இவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினார். கையைக்கூட ஆட்டினார். பத்து மணிக்கு வேடியப்பன் வந்தான், ஸ்பானர் ஒன்றை விட்டுவிட்டுப் போனானாம். துளசி மாடத்துக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக் கொடுத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"நேத்து ஏன் அத்தனை தடவை கை கழுவினே?"

"லைனிங்ல பசை ஒட்டக்கூடாது அண்ணி. ஒரு விரல் கிரீஸு போதும், இறக்கத்துல சூடானா உருகிப் பரவிடும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வழுக்கும்."

"நெய்யா இருந்தா?"

"நெய்யோ எண்ணெயோ, பசைன்னா பசைதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதான்! அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அவன் சைக்கிள் ஏறிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சிரிப்பான், இவரிடம் சொல்வான், இவர் ஊருக்கே சொல்வார். அதையா நான் அப்போது யோசித்தேன்? அதைத்தான் யோசித்தேன்.

நானே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். ட்யூட்டி இரண்டு மணிக்கு, நான் போனது பதினொன்று. போளூரில் இவர் எப்போதும் நிற்கிற புளி மண்டிக்கு லைன் போட்டேன். "இப்பதாம்மா கிளம்புனாரு, பத்து நிமிஷம் இருக்கும்." மலை மேலே ஜமுனாமரத்தூருக்குப் போட்டேன். லைன் செத்துக் கிடக்கிறது, மலையில் எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறதாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஏறும்போது ஒன்றும் ஆகாது. இவரே சொல்வார், ஏறுவதுக்கு எதுக்குடி பிரேக்கு. நாளை மத்தியானம்தான் இறங்குவார். நாளைக்குள் லைன் வந்துவிடும். வந்துவிடும்.

வாசலில் கட்டை இருக்கிறது.

11-1-1980, வெள்ளி, காலை

விடிந்ததும் வேடியப்பன் ஷெட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று வைராக்கியத்தோடுதான் போனேன், யார் சிரித்தால் எனக்கென்ன. ஷெட்டு பூட்டியிருக்கிறது. சாமான் வாங்க வேலூருக்குப் போய்விட்டானாம், ராத்திரிதான் வருவான்.

மலைக்குப் போகிற ஒரே பஸ் ஏழு மணிக்குப் போய்விட்டது.

எட்டு மணிக்குப் போர்டில் உட்கார்ந்து சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். முதுகைத் தட்டினாள். "ஏண்டி பைத்தியம், தீப மை வெச்சா நல்லதுதானே நடக்கும்? கெட்டதா நடக்கும்?" அதை நம்பணும் போலத்தான் இருக்கிறது. மலை லைன் இன்னும் வரவில்லை.

இதை மேஜைக்கடியில் வைத்து எழுதுகிறேன். மணி பதினொன்று நாற்பது. இறங்க ஆரம்பித்திருப்பார்.

13-1-1980, ஞாயிறு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் போளூர் லைனில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வேணும், அவசரம் என்றார்கள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். பேசுவதைக் கேட்கக்கூடாது. பேச்சு கேட்கிற கீயை மூடுவதற்குள் ஒரு சொல் காதில் விழுந்தது. மலை ஜீப்பு.

ஹெட்செட்டைக் கழற்றினேனா, கீழே போட்டேனா, தெரியாது. சரோஜாதான் என்னைப் பிடித்துக்கொண்டாளாம்.

இவர் பிழைத்துவிட்டார். வலது கால் ரெண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. விலா எலும்பும். வண்டியில் இருந்த மற்ற நாலு பேருக்குச் சிராய்ப்புதான்.

இருசப்பன் இல்லை.

14-1-1980

இவர் இன்றைக்குத்தான் பேசினார். மூணாவது வளைவில் பெடல் கல்லு மாதிரி நின்றதாம், வண்டி நிற்கவில்லையாம். மூட்டை வேறே ஜாஸ்தி, பொங்கல் லோடு. கியரைக் குறைத்து மலைப்பக்கமாக உரசிப் பார்த்திருக்கிறார். இருசப்பன் பழக்கத்தில் பின்னால் குதித்துக் கயிற்றைத் தேடியிருக்கிறார். கட்டை இல்லை. கையில் கிடைத்த பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் ஓடியிருக்கிறார்.

"கட்டைய ஏன்டி நான் அவுத்தேன்? ஏன் அவுத்தேன்?" கட்டிலில் தலையை அடித்துக்கொள்கிறார். நர்ஸ் வந்து பிடித்தார்.

கொஞ்சம் அடங்கினதும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று சொன்னார். "அதுக்குக் கொஞ்ச முன்னாடி கம்முனு நெய் காயிற வாசனை வந்துச்சு, கஸ்தூரி. பொங்கல் வருதே, யார் வூட்லயோ நெய் உருக்கறாங்கன்னு நெனச்சேன். அங்க வூடே இல்ல."

நான் வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

19-1-1980

பொங்கல் வந்து போய்விட்டது. அடுப்பு மூட்டவில்லை.

24-1-1980, வியாழன்

பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பிரித்துப் பார்த்தாராம். எட்டு லைனிங்கிலும் பசை, எரிந்து பளபளவென்று இருந்ததாம். மெக்கானிக் கிரீஸ் கையோடு மாட்டியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறார். வேடியப்பனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் போய் நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். மறுபடி கூப்பிடுவார்களாம், கேஸ் இருக்கிறதாம்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சார் தொட்டேன்" என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னானாம். யார் நம்புவார்கள்? எனக்குத் தெரியும். என் சோப்புதானே கரைந்தது.

2-2-1980

பங்க் பக்கம் போனேன். ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. வேடியப்பன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான், சுத்தமாக இருக்கிற தரையை. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தான்.

"அண்ணனுக்குக் கால் எப்படி இருக்குது அண்ணி? நான் வந்து பாக்கலாமா? திட்டுவாரா?" கையை விரித்து என் முன்னால் நீட்டினான். "நீங்க பாத்தீங்கல்ல அண்ணி? நீங்கதான் பொண்ணு பாக்கப் போறியான்னு கேட்டீங்க. பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்று தலையை ஆட்டினேன். வந்துவிட்டேன். சீ, நான் ஒரு மனுஷியா?

17-2-1980, ஞாயிறு

இவர் வீட்டுக்கு வந்து மூணு நாளாகிறது. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். கஞ்சி கொடுத்துவிட்டு, டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னேன். மை, எட்டுப் பொட்டு, விரலால் இழுத்தது, வேடியப்பனிடம் சும்மாதான் என்றது, எல்லாம்.

சிரிப்பார் என்று பயந்தேனே. சிரிக்கவே இல்லை.

"எங்கனா எழுதி வெச்சியா?"

"நோட்டுல இருக்குது."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போடு."

"அப்போ வேடியப்பன்?"

"ரெண்டு வருஷத்துல ஊரு மறந்துடும். அவன் ஆம்பளை, பெங்களூருக்குப் போயாவது பொழச்சுக்குவான். நீ வாயைத் திறந்தா இருசப்பன் சாவு உன் தலையில விழும்டி. ஆயுசுக்கும் இறங்காது. கன்னியம்மா வந்து வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துவா. தாங்குவியா நீ?"

கன்னியம்மாள், இருசப்பன் பெண்சாதி. எனக்காகத்தான் சொல்கிறார். அது புரியாமல் இல்லை. ஆனால் ஏற்கனவே என் தலையில்தான் விழுந்திருக்கிறது. இதில் தாங்குவது என்ன, தாங்காதது என்ன.

18-2-1980

ஒன்பதாம் தேதிப் பக்கத்தை எடுத்து நாலு தடவை படித்தேன். "நிம்மதியாகத் தூங்குவேன்" என்று எழுதியிருக்கிறேன். அவன் எத்தனை தடவை கை கழுவினான் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் கையெழுத்து, தேதி போட்டு. இது ஒன்றுதான் அவனுக்குச் சாட்சி.

கிழிக்கவில்லை.

20-2-1980

பெரிய சண்டை. "நோட்டை எடுத்துக்கினு வெளிய போனே, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்." கோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். "எனக்கு நீ வேணும்டி, புரியுதா? அவன் இல்ல, நீ!" என்று கத்தினார். பத்து வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்குத்தானா சொல்லணும்?

நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

3-3-1980, திங்கள்

இது புது நோட்டு. பழையதை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "நெய்யாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை மூடிவிட்டு, வேறு யாரையோ கூப்பிட்டார்.

இவர் அன்றைக்கே அடி அண்ணாமலைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

22-4-1980

கேஸ் முடிந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். யார் மேலும் இல்லையாம்!

வேடியப்பன் ஷெட்டில் ஒரு லாரி நிற்கிறது. என்னைப் பார்த்தான். அண்ணி என்று கூப்பிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். போதும்.

9-5-1980, வெள்ளி

கன்னியம்மாள் வந்தாள். மலையிலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்திருக்கிறாள். மண்ணை வாரித் தூற்றவில்லை. வாசலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"நீதான் அவருக்கு முட்டியில மஞ்சள் வெச்சுக் கட்டுனவளா?"

"ஆமாம்."

"சொன்னாரு."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது சுவரோரம் இருந்த வேங்கைக் கட்டையைப் பார்த்தாள். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

14-8-1980

எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்த பெண் என்னைக் காட்டி, "அந்த நெய்க்காரம்மாவா?" என்று சரோஜாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்து ஆமாம் என்றேன். அந்தப் பெண்தான் பாவம், அழுதுவிட்டது.

2-10-1980

போலீஸில் ஜீப்பை விட்டுவிட்டார்களாம். இவர் அண்ணன் போய் இழுத்துவந்து அடி அண்ணாமலையில் போட்டிருக்கிறார். இவருக்குக் கோல் இல்லாமல் நடக்க வருகிறதாம், லேசாகத் தாங்கித் தாங்கி. எல்லாம் வெள்ளையம்மாள் அக்கா சொல்லித்தான் தெரிகிறது.

21-11-1980, வெள்ளி

வெள்ளையம்மாள் அக்கா நெய் கேட்டு வந்தார், மகன் இந்த வருஷமும் மலை ஏறுகிறானாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாண்டி, விடு" என்று திரும்பினார். இருங்க அக்கா என்று உள்ளே போய் ஒரு படி எடுத்துவந்து கொடுத்தேன். நெய்யின் மேல் எனக்கென்ன கோபம்.

22-11-1980, சனி

பகல் ட்யூட்டி. தீபக் கூட்டத்தில் போர்டு முழுக்க ஒரே கூப்பாடு. இரண்டு மணி இருக்கும், அடி அண்ணாமலை மளிகைக் கடை லைன்.

"நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

மூச்சுச் சத்தம் மட்டும். பத்து வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு, எனக்குத் தெரியாதா. நானும் கீயைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒன்பது மாதம் ஒரு வார்த்தை இல்லை, இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். என்னங்க என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது.

நம்பர் சொன்னார். பெட்ரோல் பங்க் நம்பர்.

போட்டுக் கொடுத்தேன். கேட்கக்கூடாது. பதினோரு வருஷ சர்வீசில் வேண்டுமென்று கேட்டதில்லை, இன்றைக்குக் கேட்டேன்.

"பக்கத்து ஷெட்டு வேடியப்பனைக் கூப்பிடுங்க... வேடியப்பா, நான் அப்பாதுரை பேசறேன்."



"சொல்லுங்க அண்ணே."

"பிரேக்கு பிரிக்கணும்டா. நாலும். மறுபடி மலைக்குப் போறேன், கன்னியம்மா மூட்டை அங்கியே கிடக்குது, வேற எவன் போய் இறக்குவான்? திங்கக்கிழமை வா."

"அடி அண்ணாமலைக்கா அண்ணே?"

"இல்ல. செங்கம் ரோட்டுல நம்ம வூட்டுக்கு. வண்டிய அங்க கொண்டாந்துடறேன்." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அவனிடம் பேசுவது போல இல்லாமல் மெதுவாகச் சொன்னார். "கட்டை அங்கதான் இருக்கும். அதையும் கட்டணும்."

கீயை மூடினேன். அடுத்த விளக்கு எரிந்தது, நம்பர் ப்ளீஸ் என்றேன்.

மறுபடி அந்த மலை. அதே வளைவு, அதே வண்டி. வரும் வழியில் கடையில் நின்று சோப்பு வாங்கினேன். ரெண்டு. திங்கட்கிழமை வேடியப்பன் வேலை முடிக்கிற வரைக்கும் நான் வெள்ளையம்மாள் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன்.